பதினோராம் கட்டம்

லூயிவில் நகரில், நதியிலிருந்து மூன்று தெரு தள்ளி
எங்கள் மெத்தடிஸ்ட் சபையின் தலைமை அலுவலகம்.
முன்பு மெத்தைக் கடையாக இருந்த கட்டடம்.
மழை நாளில் மின்தூக்கிக்குள் இன்னும் பஞ்சு வாசனை.

நான் வெர்லீன். தரைத்தளத்தில் தபால் பிரிப்பவள்.
என் சுவரில் பதிமூன்று மரக் கட்டங்கள்.
ஒவ்வொன்றும் ஒரு வாரியம், அல்லது ஆணையம், அல்லது
வாரியமா ஆணையமா என்று தனக்கே தெரியாத ஒன்று.

நிதியும் நிர்வாகமும் நான்காம் மாடி;
அங்கே மட்டும் கம்பளம்.
அருட்பணி மூன்றில். உலக வரைபடத்தில்
லைபீரியா மேல் குண்டூசிகள் இடித்துக்கொண்டு நிற்கும்.
ஞாயிறு பள்ளிப் பாடநூல் இரண்டில்,
விற்காதவை படிக்கட்டு வரை.
ஓய்வூதியமும் இரண்டில்தான், ஒரு கண்ணாடிக்குப் பின்னால்.
ஆவணக் காப்பகம் எனக்கும் கீழே:
நதி ஏறினால் முதலில் நனைவது எங்கள் ஞாபகம்.

யாருக்கும் யாரும் மேலதிகாரி இல்லை.
பேராயர்கள் ஆசீர்வதிப்பார்கள், உத்தரவிட மாட்டார்கள்.
நான்கு ஆண்டுக்கொரு முறை பொது மாநாடு கூடும்,
பாதிப் போதகர், பாதி சபையார்.
கை தூக்குவார்கள்.
ஒரு வாரியம் பிறக்கும், அல்லது சாகும்.
சுற்றறிக்கை வரும். நான் லேபிள் சுரண்டுவேன்.

போன மாநாட்டில் பதிமூன்று ஒன்பதானது.
சிக்கனம் என்று ஒரு தீர்மானம்,
ஐக்கியம் என்று அதற்கொரு திருத்தம்.
ஊழியர் குடும்ப நல ஆணையம் செத்தது
இரவு பதினொன்றரைக்கு,
பிரதிநிதிகள் பேருந்து பிடிக்கும் அவசரத்தில்.
அதன் கட்டம் பதினொன்று.
லேபிளை உரித்தேன். பசை போகவில்லை.

மார்ச்சில் ஹாப்கின்ஸ்வில்லிலிருந்து ஓர் உறை.
பென்சில் எழுத்து.
"என் கணவர் ஐசம் கிரட்சர்
முப்பத்தொரு வருஷம், ஆறு சபைகள், உங்களுக்காக.
ஜனவரியில் போய்விட்டார்.
காசோலை இன்னும் அவர் பேரிலேயே வருகிறது.
வங்கிப் பையன் அவரைக் கூட்டி வரச் சொல்கிறான்."

ஓய்வூதியத்துக்கு அனுப்பினேன்.
பெயர் மாற்றம் நிதியின் வேலை என்று இறங்கி வந்தது.
விதவையர் காரியம் குடும்ப நல ஆணையத்துக்கு என்றது நிதி.
ஆணையம் இல்லை. பசை இருக்கிறது.
அருட்பணிக்கு ஏன் போனதென்று எனக்கே தெரியாது,
அவர்களும் முத்திரை குத்தினார்கள்.
ஏப்ரல் முடியுமுன் ஐந்து முத்திரை, ஐந்து நிறம்,
நடுவில் எங்கோ பென்சில்.

மே முதல் திங்கள் நானே ஏறினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் டெல்மஸ் ஹார்கிரோவ்,
பாதி சாண்ட்விச்சோடு.
"தீர்மானம் வேண்டும்."
"எப்போது?"
"அடுத்த மாநாட்டில்."
"அது எப்போது?"
"இரண்டு வருஷமும் நான்கு மாதமும்."

சண்டை போடவில்லை. நின்றேன்.
என் உணவு இடைவேளை நாற்பது நிமிடம்.
இருபத்தாறாவது நிமிடத்தில் அட்டையை இழுத்தார்,
திருவுக்குப் பக்கத்தில்
மதி சேர்த்தார்.
இரண்டே எழுத்து.

"எந்த அலுவலகம் என்று போடுவது?"
குனிந்தபடியே கேட்டார்.
"பதினொன்று" என்றேன்.
போட்டார்.

ஜூனில் காசோலை போனது. நன்றிக் கடிதம் வரவில்லை.
ஆகஸ்டில் ஓவன்ஸ்பரோவிலிருந்து ஓர் உறை,
படூக்காவிலிருந்து இரண்டு,
முகவரியில் பெரிய எழுத்தில்: அலுவலகம் பதினொன்று.
கிறிஸ்துமஸுக்குள் ஏழு பெண்கள்.
ஹார்கிரோவ் இப்போது என்னைக் கண்டதும்
சாண்ட்விச்சை மூடி வைக்கிறார்.

இன்று நான்காம் மாடியிலிருந்து ஒரு குறிப்பு:
பதினொன்று என்பது எது?
வரவு செலவில் அப்படி ஒன்று இல்லையே,
அதற்கு ஆண்டுச் செலவு எவ்வளவு?

அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.